வேலை மேசைக்கு சர்ஜ் பாதுகாப்பு: எர்த்திலிருந்து தொடங்குங்கள்

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மழை தொடங்கிய வாரம். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். இடி எங்கேயோ தூரத்தில்தான் உறுமிக்கொண்டிருந்தது. கரண்ட் ஒருமுறை போய், வந்து, மறுபடி போனது. இரண்டாம் முறை வந்தபோது மானிட்டர் எரியவில்லை. ரவுட்டரில் ஒரு விளக்கும் இல்லை. லேப்டாப் சார்ஜரிலிருந்து லேசாகக் கருகிய வாடை. மூன்றையும் நான் ‘ஸ்பைக் பஸ்டர்’ என்று எழுதியிருந்த ஒரு பெட்டியில்தான் செருகியிருந்தேன்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி அந்தப் பெட்டியின் நான்கு திருகாணிகளைக் கழற்றி என்னிடம் நீட்டினார். உள்ளே இரண்டு நீளப் பித்தளைத் தகடு, ஒரு சுவிட்ச், ஒரு சின்ன ஃபியூஸ். வேறு எதுவும் இல்லை. “தம்பி, இது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பேரு மட்டும்தான் ஸ்பைக் பஸ்டர்” என்றார். அப்புறம் சுவர் சாக்கெட்டையும் கழற்றிப் பார்த்தார். மேலே இருக்கும் பெரிய எர்த் துளைக்குப் பின்னால், மண்ணுக்குப் போக வேண்டிய கம்பியே வரவில்லை. நல்ல பெட்டியே வாங்கியிருந்தாலும் அது பாதி வேலைதான் செய்திருக்கும் என்று அவர் சொன்னபோதுதான், நான் எத்தனை அடிப்படையான விஷயம் தெரியாமல் இருந்தேன் என்று புரிந்தது.

இப்போது வீட்டில் மேசை போட்டு வேலை பார்க்கத் தொடங்கியிருக்கும் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் எர்த்தைப் பற்றித்தான் கேட்கிறேன். கடைக்குப் போய்ப் பெட்டி வாங்குவது கடைசி வேலை. அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

சர்ஜ் என்பது எது, எது இல்லை

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அலையின் உச்சியில் அது சுமார் 325 வோல்ட் வரை போய் இறங்கும். இது இயல்பு. சர்ஜ் என்பது இந்த அலையின் மேல் திடீரென்று ஏறி உட்காரும் ஒரு கூர்மையான எழுச்சி. சில நூறு வோல்ட்டும் இருக்கலாம், சில ஆயிரம் வோல்ட்டும் இருக்கலாம். ஆனால் அதன் ஆயுள் மைக்ரோ வினாடிக் கணக்கில்தான். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு சில பத்துப் பங்கு. கண்ணுக்குத் தெரியாது, பல்பு கூட மினுங்காது. ஆனால் சார்ஜருக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பாகங்களைத் துளைத்துவிட அந்த நேரம் போதும்.

இது எங்கிருந்து வருகிறது? இடி நேராக உங்கள் வீட்டில் விழ வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி எங்கோ விழுந்தாலும், கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய மின்கம்பிகளில் அது ஓர் அதிர்ச்சியைத் தூண்டிவிடும். அந்த அதிர்ச்சி கம்பி வழியே வீட்டுக்குள் வரும். தமிழ்நாட்டில் சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களிலும் இடி அதிகம். வருடத்தில் இந்த இரண்டு பருவத்துக்கும் முன்னால் இந்த வேலைகளை முடித்துவிடுவது நல்லது. இடி தவிர, மின்வாரியத்தார் லைனை நிறுத்தி மறுபடி போடும்போதும் சர்ஜ் வரும். நம் வீட்டுக்குள்ளிருந்தே சின்னச் சின்ன சர்ஜ் தினமும் கிளம்புகிறது: போர்வெல் மோட்டார் நிற்கும்போது, ஏ.சி.யின் கம்ப்ரசர் நிற்கும்போது. இவை ஒரே அடியில் எதையும் எரிப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

இதோடு வேறு இரண்டு தொல்லைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஒன்று, வோல்டேஜ் நிமிடக் கணக்கில் தாழ்ந்தோ உயர்ந்தோ நிற்பது. அதற்குத்தான் ஸ்டெபிலைசர். சர்ஜ் வந்து போவதற்குள் ஸ்டெபிலைசரின் ரிலே அசையக்கூட நேரம் இருக்காது. லேப்டாப் சார்ஜர், மானிட்டர், ரவுட்டர் அடாப்டர் எல்லாவற்றிலும் ‘100–240 வோல்ட்’ என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். தாழ்ந்த வோல்டேஜை அவை தாங்களே சமாளித்துக்கொள்ளும். ஆகவே வேலை மேசைக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. இன்னொரு தொல்லை, மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் அறுந்து வோல்டேஜ் எகிறுவது. அது தனிப் பேய். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டிக்குள் இருக்க வேண்டிய அந்தக் காசு

நல்ல சர்ஜ் பெட்டியைத் திறந்தால், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய, நீலமோ மஞ்சளோ பூசிய தட்டையான வட்ட வில்லைகள் இருக்கும். அதன் பெயர் எம்.ஓ.வி., அதாவது மெட்டல் ஆக்சைடு வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடைச் சுட்டுச் செய்த ஒரு பீங்கான் வில்லை. இயல்பான வோல்டேஜில் அது மின்சாரத்தை விடாது. வோல்டேஜ் எல்லை தாண்டிய மறுகணம் கதவைத் திறந்துவிட்டு, வந்த எழுச்சியை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தள்ளிவிடும். எழுச்சி அடங்கியதும் தானே மூடிக்கொள்ளும்.

230 வோல்ட் நாடுகளில் சாதாரணமாகப் போடுவது 275 வோல்ட் தாங்கும் வில்லை. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள அப்படிப்பட்ட வில்லை ஒன்று, 100 ஆம்பியர் எழுச்சி வரும்போது வோல்டேஜைச் சுமார் 710-ல் பிடித்து நிறுத்தும். அத்தனையா என்று பயப்பட வேண்டாம். நல்ல மின்னணுச் சாதனங்கள் மைக்ரோ வினாடி நேரத்துக்கு அதைவிட அதிகமாகவே தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. நுட்பமான மின்னணுக் கருவிகளுக்கு 1,500 வோல்ட், சாதாரண வீட்டுச் சாதனங்களுக்கு 2,500 வோல்ட் என்பது உலகத் தரவிதிகளில் உள்ள வகைப்பாடு. ஆயிரக்கணக்கில் வருவதை இந்த எல்லைக்குள் இறக்கிக் கொடுப்பதுதான் பாதுகாப்புக் கருவியின் வேலை.

இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். எம்.ஓ.வி. தேய்ந்துபோகும். ஒவ்வொரு எழுச்சியையும் வாங்கும்போது கொஞ்சம் பலம் குறையும். இன்னொன்று, தள்ளிவிட அதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் எர்த்.

முதல் வேலை: எர்த்தைப் பாருங்கள்

உங்கள் வேலை மேசைக்கு அருகில் உள்ள சாக்கெட்டில் ஒரு மல்டிமீட்டர் வைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பழக்கம் இல்லையென்றால் நீங்களே செய்ய வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஃபேஸுக்கும் (மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி) நியூட்ரலுக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட், அதிகம் போனால் சில வோல்ட். ஃபேஸ்–எர்த் அளவு 60, 90 என்று அலைபாய்ந்தால் எர்த் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

நியூட்ரல்–எர்த் அளவு வீட்டில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எல்லாம் ஓடும்போதும் அசையாமல் சுத்த சைபராகவே நின்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சில வீடுகளில் எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குப் பின்னாலேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எர்த் துளைக்குப் பாலம் போட்டிருப்பார்கள். டெஸ்டரில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் நியூட்ரல் ஒருநாள் அறுந்தால், அந்தச் சாக்கெட்டில் செருகிய இரும்பு உடம்புள்ள எந்தச் சாதனத்தைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். உயிரைப் பறிக்கும் தவறு இது. கண்ணில் பட்டால் அன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சாக்கெட் வரை எர்த் கம்பி வருகிறது, ஆனால் வெளியே மண்ணுக்குள் போகும் எர்த் நன்றாக இருக்கிறதா? இதை மல்டிமீட்டர் சொல்லாது. எர்த் டெஸ்டர் என்று தனிக் கருவி இருக்கிறது, சற்றுப் பெரிய வேலை பார்க்கும் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்களிடம் இருக்கும். 5 ஓமுக்குள் வந்தால் நல்லது என்று சொல்வார்கள். பழைய வீடுகளில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, நடுவில் ஜி.ஐ. பைப் நட்டிருப்பார்கள். அந்தக் குழி காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும். கோடையில் வாரத்துக்கு ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் இப்போது செடிக்கு ஊற்றுவதுபோல் வழக்கமாகிவிட்டது. பல வீடுகளில் அந்தக் குழியின் மேல் சிமென்ட் தளம் போட்டு மூடியே விட்டார்கள். எங்கே இருக்கிறது என்றாவது தேடிக் கண்டுபிடித்து வையுங்கள்.

லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் லேசாகச் சுர்ரென்று ஊர்கிறதா? இரண்டு முனை பிளக் உள்ள சார்ஜர்களில் இது பெரும்பாலும் சார்ஜரின் வடிகட்டியிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டம்தான், ஆபத்தில்லை. மூன்று முனை பிளக்கிலும் அதே ஊறல் இருந்தால், அந்தச் சாக்கெட்டில் எர்த் இல்லை என்பதற்கு நல்ல அறிகுறி. எனக்கு அது மாதக்கணக்கில் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

இரண்டாவது: வீட்டு வாசலிலேயே மடக்குவது

சொந்த வீடு என்றால், மேசைக்குப் பெட்டி வாங்குவதற்கு முன் மெயின் போர்டில், அதாவது சுமை கூடினால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பாக்ஸில், ஒரு எஸ்.பி.டி. போட்டுவிடுங்கள். சர்ஜ் ப்ரொடெக்‌ஷன் டிவைஸ் என்பதன் சுருக்கம் அது. எம்.சி.பி. அளவிலேயே இருக்கும், பாக்ஸுக்குள் அது மாட்டியிருக்கும் அதே உலோகப் பட்டையில் மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் பெரிய எழுச்சியை வீட்டுக்குள் பரவுவதற்கு முன்பே இது மண்ணுக்கு அனுப்பிவிடும். மேசைப் பெட்டிக்கு மிச்சம் மீதிதான் வந்து சேரும். பெரியது வாசலில், சின்னது மேசையில் என்று இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பாதுகாப்பு.

இதில் மூன்று வகை உண்டு. வீட்டின் மேல் இடிதாங்கி இருந்தால் டைப் 1, அல்லது 1-ம் 2-ம் சேர்ந்தது. இடிதாங்கி இல்லாத சாதாரண வீட்டுக்கு டைப் 2. மேசையருகே வைப்பது டைப் 3. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு எலக்ட்ரிக்கல் கடையில் இப்படிக் கேளுங்கள்: டைப் 2, சிங்கிள் ஃபேஸ், ‘1+1’ வகை, 40 கிலோ ஆம்பியர். த்ரீ ஃபேஸ் என்றால் ‘3+1’. நம் வீடுகளில் பெரும்பாலும் எர்த் நம் சொந்தக் குழியிலிருந்து வருவதால் இந்த ‘கூட்டல் 1’ முக்கியம். அந்த வகையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வாயு நிரப்பிய ஒரு குழல் இருக்கும். எம்.ஓ.வி. பழுதானாலும் எர்த்துக்குள் மின்சாரம் தொடர்ந்து கசியாமல் அது தடுக்கும்.

கருவியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களில் இரண்டைப் பார்த்தால் போதும். ‘யூ’ எழுத்தின் கீழே சின்னதாகச் ‘சி’ போட்டிருப்பது, அது எப்போதும் தாங்கக்கூடிய வோல்டேஜ். 275 அல்லது 320 இருக்கலாம். அடிக்கடி வோல்டேஜ் ஏறும் பகுதி என்றால் 320 எடுங்கள். ‘யூ’வின் கீழே ‘பி’ போட்டிருப்பது, எழுச்சி வரும்போது அது விட்டுக்கொடுக்கும் வோல்டேஜ். இது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 1.5 கிலோவோல்ட் அல்லது அதற்குக் கீழே பாருங்கள். ஐ.இ.சி. 61643-11 என்ற தரவிதி எண் அதில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய விஷயம் கம்பியின் நீளம். இதைத்தான் அவசரத்தில் தவற விடுகிறார்கள். எஸ்.பி.டி.க்குப் போகும் கம்பியும், அதிலிருந்து எர்த் பட்டைக்குப் போகும் கம்பியும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். சுருட்டி மடக்கி அழகாகக் கட்டக் கூடாது. அத்தனை வேகமான மின்னோட்டம் போகும்போது ஒரு மீட்டர் கம்பியே தன் பங்குக்குச் சுமார் ஆயிரம் வோல்ட்டைச் சேர்த்துவிடும். 1.5 கிலோவோல்ட் கருவியை வாங்கி, இரண்டு மீட்டர் கம்பி போட்டு மாட்டினால் மேசைக்குப் போவது 3.5 கிலோவோல்ட். வாங்கிய பணம் வீண். கருவியோடு வரும் தாளில் அதற்கு முன்னால் போட வேண்டிய எம்.சி.பி. அல்லது ஃபியூஸின் அளவு இருக்கும். அதையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால், ‘1+1’ வகையை அதற்கு முன்னால் போடுவது நல்லது. இல்லையென்றால் ஒவ்வோர் இடிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்து நிற்கும்.

கருவியில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, சிவப்பானால் அந்தக் கேட்ரிட்ஜை மட்டும் மாற்ற வேண்டும்.

நியூட்ரல் கட் என்னும் தனிப் பேய்

தெருவில் த்ரீ ஃபேஸ் லைன் போகிறது. அதில் நியூட்ரல் கம்பி மட்டும் எங்கோ அறுந்தாலோ, கம்பத்தில் இணைப்பு தளர்ந்தாலோ, சில வீடுகளுக்கு 100 வோல்ட்டும் சில வீடுகளுக்கு 400-ஐ நெருங்கியும் போகும். தெருவில் ஒரே நேரத்தில் பத்து வீட்டு டி.வி. போனது என்று கேள்விப்பட்டால், பெரும்பாலும் காரணம் இதுதான். இது மைக்ரோ வினாடியில் முடிவதில்லை. லைன்மேன் வந்து சரி செய்யும் வரை நீடிக்கும். 275 வோல்ட் எம்.ஓ.வி.க்கு 400 வோல்ட் தொடர்ந்து வந்தால் அது இடைவிடாமல் கடத்தி, சூடேறி, தானே கருகும். அதனால்தான் உள்ளே வெப்ப ஃபியூஸ் உள்ள பெட்டியாக வாங்க வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்புக்கு வைத்ததே தீப்பிடிக்கும்.

இந்தப் பேய்க்கு மருந்து ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் கருவி. எஸ்.பி.டி. போலவே டி.பி. பாக்ஸில் மாட்டுவது. வோல்டேஜ் 260, 270-ஐத் தாண்டினால் வீட்டுக்கான சப்ளையையே துண்டித்து, இறங்கியபின் சற்றுப் பொறுத்துத் தானே சேர்க்கும். எஸ்.பி.டி.யோ கட் ஆஃபோ ஒன்றுதான் வாங்க முடியும், மின்கம்பத்தில் கம்பிகள் தளர்ந்து தொங்கும் தெருவில் இருக்கிறீர்கள் என்றால், கட் ஆஃபை முதலில் போடுங்கள். நான் அப்படித்தான் சொல்வேன்.

மேசைக்கான பெட்டி

இப்போது கடைக்குப் போகலாம். ‘ஸ்பைக் பஸ்டர்’, ‘ஸ்பைக் கார்டு’ என்ற பெயரை நம்பி எதையும் எடுக்காதீர்கள். அட்டைப் பெட்டியில் எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எத்தனை ஜூல், எத்தனை ஆம்பியர் எழுச்சி தாங்கும், எத்தனை வோல்ட்டில் பிடித்து நிறுத்தும் என்று எதுவுமே எழுதவில்லை என்றால், உள்ளே வில்லை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய பழைய பெட்டியின் அட்டையில் மின்னல் படம் பெரிதாக இருந்தது, ஓர் எண்ணும் இல்லை.

எண்களில் ஜூல் என்பது அது மொத்தமாக விழுங்கக்கூடிய ஆற்றல். வேலை மேசைக்கு ஆயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. ஆனால் ஜூலை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. அதனால் அந்த ஒன்றை மட்டும் வைத்து இரண்டு பெட்டிகளை ஒப்பிட வேண்டாம். ஆம்பியர் அளவும், பிடித்து நிறுத்தும் வோல்ட்டும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், பாதுகாப்பு எந்தெந்தக் கம்பிகளுக்கு நடுவே என்று எழுதியிருக்கும். ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்று மூன்றும் இருக்க வேண்டும். மலிவானவற்றில் முதலாவது மட்டும்தான் இருக்கும்.

விளக்குகள் இரண்டு இருந்தால் மிக நல்லது. ஒன்று வில்லை உயிரோடு இருப்பதைக் காட்டுவது, இன்னொன்று எர்த் சரியாக இருப்பதைக் காட்டுவது. சுவிட்சில் எரியும் சிவப்பு விளக்கு இந்த இரண்டில் எதுவும் இல்லை, அது கரண்ட் வருகிறது என்று மட்டுமே சொல்லும். பெட்டியைப் பல வருடம் வைத்திருந்து, வில்லை செத்தது தெரியாமல் அதே சிவப்பு விளக்கைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அமெரிக்காவில் இருக்கும் அக்காவோ மச்சானோ ஊருக்கு வரும்போது அங்கிருந்து நல்ல சர்ஜ் ஸ்ட்ரிப் வாங்கி வருவது நடக்கிறது. அது 120 வோல்ட் நாட்டுக்குச் செய்தது. உள்ளே இருக்கும் வில்லை ஏறக்குறைய 150 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து தாங்காது. நம் 230-ல் செருகினால் அந்த நொடியே வெடிக்கலாம், தீப்பிடிக்கலாம். பிளக்குக்கு அடாப்டர் போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். அன்போடு கொண்டுவந்ததாக இருந்தாலும் செருகக் கூடாது. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து ஆகியவை 230 வோல்ட் நாடுகள் என்பதால் அங்கிருந்து வருவதில் இந்தச் சிக்கல் இல்லை, பிளக் வடிவம்தான் வேறு.

சுமையைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 6 ஆம்பியர் பெட்டி 1,380 வாட் வரை தாங்கும். லேப்டாப் 65, மானிட்டர் 30, ரவுட்டர் 12 என்று கூட்டினால் 150-ஐத் தாண்டாது. கெட்டிலையும் அயர்ன் பாக்ஸையும் அதில் செருகாமல் இருந்தால் போதும். லேசர் பிரின்டர் சூடேறும்போது நிறைய இழுக்கும், அதற்குத் தனிச் சாக்கெட் கொடுத்து, லேப்டாப்போடு கம்பி இல்லாமல் வைஃபையில் சேருங்கள். ஒரு பெட்டியின் வாயில் இன்னொரு பெட்டியைச் செருகி நீட்டுவதும் வேண்டாம்.

மற்ற கம்பிகளை மறக்காதீர்கள்

இடியில் போகும் ரவுட்டர்கள் பலவும் கரண்ட் வழியாகப் போவதில்லை. பக்கத்து மாடியில் இருக்கும் கேபிள்காரரின் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து மொட்டை மாடிகளைத் தாண்டி லேன் கம்பி இழுத்து வந்து கொடுத்திருந்தால், அந்தச் செம்புக் கம்பி வழியாகத்தான் எழுச்சி உள்ளே வரும். டிஷ் ஆன்டெனாவின் கம்பி, மாடியில் இருக்கும் சி.சி.டி.வி. கேமராவின் கம்பி ஆகியவையும் அப்படித்தான். ரவுட்டருக்குள் வந்தது லேன் கம்பி வழியாக லேப்டாப்புக்கும் போகும்.

இதற்கு மிகச் சுலபமான வழி ஃபைபர் இணைப்புக்கு மாறுவது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிள்கள் சிலவற்றில் பலத்துக்காக ஓர் இரும்புக் கம்பி கூடவே வரும். அப்படி இருந்தால் அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தி, இழையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபைபர் கிடைக்காத இடம் என்றால், லேன் கம்பிக்கான சர்ஜ் கருவி தனியாகக் கிடைக்கிறது. அதிலிருந்து வரும் எர்த் கம்பியை மறக்காமல் இணைக்க வேண்டும், இணைக்காவிட்டால் அது வெறும் டப்பா. அதுவும் முடியாதென்றால் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே கம்பியை எடுத்துவிட்டு வைஃபையில் வேலை பாருங்கள். ரவுட்டர் போனாலும் லேப்டாப் பிழைக்கும்.

ஒன்றோடொன்று கம்பியால் சேர்ந்திருக்கும் எல்லாச் சாதனங்களையும் ஒரே பெட்டியில் செருகுங்கள். லேப்டாப் இந்த அறை சாக்கெட்டில், அதோடு கம்பியால் சேர்ந்த பிரின்டர் அடுத்த அறையில் என்றால், எழுச்சி வரும் நொடியில் இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் நடுவில் உள்ள யு.எஸ்.பி. கம்பி வழியாகத்தான் பாயும்.

யு.பி.எஸ்., இன்வெர்ட்டர்

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறது, போதாதா என்று கேட்பார்கள். போதாது. கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் மெயின் லைனை அப்படியே வெளியே அனுப்புகிறது. சர்ஜும் அதோடு போகும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் சின்ன யு.பி.எஸ். வாங்கினால், அதைச் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். அதன் வெளியீட்டில் சர்ஜ் பெட்டியைச் செருக வேண்டாம் என்று யு.பி.எஸ். கம்பெனிகளே சொல்கின்றன. யு.பி.எஸ்.ஸுக்குள் சிறிய சர்ஜ் பாதுகாப்பு இருக்கும்தான், ஆனால் அதை நம்பி மெயின் போர்டு எஸ்.பி.டி.யை விட்டுவிடாதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

மெயின் போர்டைத் தொட முடியாது. வீட்டு உரிமையாளரிடம் எர்த்தைப் பற்றியாவது கேளுங்கள். “அங்கிள், பிளக்ல எர்த் வரல, குழந்தைங்க தொட்டா ஷாக் அடிக்கும்” என்று சொன்னால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். வீடு பார்க்கும்போதே சாக்கெட்டைச் சோதித்துவிடுவது இன்னும் நல்லது. எர்த் கிடைக்கவே கிடைக்காது என்றாலும், மேசைப் பெட்டியின் ஃபேஸ்–நியூட்ரல் பாதுகாப்பு வேலை செய்யும். பாதிதான், ஆனாலும் பாதி. மீதியைப் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தால்தான் ஈடுகட்ட வேண்டும்.

பழக்கம்

நேரடியாக விழும் இடியில் சுமார் 30,000 ஆம்பியர் பாய்வது சாதாரணம். வீட்டின் மேலேயே விழுந்தால் நாம் வாங்கும் எந்தப் பெட்டியும் நிற்காது. இடி தூரத்தில் கேட்கத் தொடங்கும்போதே பிளக்கையும் லேன் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது, சுவிட்சின் சின்ன இடைவெளியை அந்த எழுச்சி தாண்டிவிடும். இடி தலைக்கு மேல் வந்தபின் பிடுங்கப் போகாதீர்கள், அப்போது கம்பியைத் தொடுவது நமக்கே ஆபத்து. லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் நிம்மதியாக வேலை பார்க்கலாம். ரவுட்டருக்குச் சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். கிடைக்கிறது. அதையும் சுவரிலிருந்து பிடுங்கி வைத்தால், ஃபைபர் வீடுகளில் மீட்டிங்கே தடைப்படாது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில், வேலை தொடங்குவதற்கு முன்பே மேசையின் பிளக்கை எடுத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் உடனே செருக வேண்டாம். தெருவில் உள்ள எல்லா மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஒன்றாகக் கிளம்பி, ஒருமுறை போய் வந்து, நிலைக்கட்டும். ஐந்து நிமிடம் கழித்துச் செருகினால் போதும்.

பெட்டி வாங்கிய அன்றே அதன் அடியில் மார்க்கரால் தேதி எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை, முக்கியமாக ஒவ்வொரு பெரிய இடி மழைக்கும் அப்புறம், காப்பு விளக்கு எரிகிறதா என்றும் டி.பி. பாக்ஸின் ஜன்னல் பச்சையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்கு அணைந்துவிட்டால் பெட்டி கரண்டைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் காவல் இல்லை. அதைச் சமையலறைக்கோ தம்பி வீட்டுக்கோ கொடுக்காதீர்கள். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, யாரும் மறுபடி செருக முடியாதபடி வயரைக் கத்தரித்து, மின்னணுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.